கீழே கடை, மேலே வீடு: கலப்புக் குடியிருப்பும் கட்டுப்படியாகும் வாடகையும்

ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே கட்டடத்தில், வீடும் கடையும் பட்டறையும் பள்ளியும் மருந்தகமும் சேர்ந்து அமைவதை நகரமைப்பில் கலப்புப் பயன்பாடு என்கிறார்கள். சென்னைச் சவுக்கார்பேட்டையும் மதுரை மாசி வீதிகளும் அப்படி வளர்ந்தவைதான். கீழே சரக்கு, மேலே குடும்பம் என்பது வியாபாரத்தின் தேவையையொட்டித் தானாக உருவான ஏற்பாடு. அதே ஏற்பாட்டை இன்றைய பெருநகரத்தில் திட்டமிட்டு உருவாக்க முனையும்போது மூன்று தேவைகள் எழுகின்றன. குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள குடும்பங்களுக்கு வீடு கைக்கு எட்ட வேண்டும். அந்த வீடுகளை நம்பி நடக்கும் சிறு கடைகள் பிழைக்க வேண்டும். நிலம், தண்ணீர், மின்சாரம், எரிபொருள் ஆகியவற்றின் செலவு குறைய வேண்டும். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்து பல பத்தாண்டுகள் நிற்பது அரிது. நின்ற இடங்களை ஆராய்ந்தால், கட்டடத்தின் வடிவத்தைவிட நிலம் யார் கையில் இருக்கிறது, கடை வாடகையை யார் முடிவு செய்கிறார்கள் என்ற இரண்டுமே விளைவைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது.

வீட்டையும் கடையையும் பிரித்தது தொழிற்புரட்சியின் புகை. ஆலைகளுக்கும் தோல் பதனிடும் கிடங்குகளுக்கும் நடுவில் தொழிலாளர்கள் நோயுற்று மடிந்த நகரங்களில், குடியிருப்பைத் தனியே ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதாகவே எழுந்தது. 1926இல் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டலப் பிரிப்பைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் தொழிற்சாலையோடு சேர்த்து மளிகைக் கடையும் குடியிருப்பிலிருந்து தள்ளி வைக்கப்பட்டது. கார் பெருகியதும் தூரம் பொருட்டாகத் தெரியவில்லை. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றிய நூல் இந்தப் போக்கைக் கடுமையாக எதிர்த்தது. பல பயன்கள் கலந்த தெருவில்தான் நாள் முழுதும் ஆள் நடமாட்டம் இருக்கும், அந்த நடமாட்டமே பாதுகாப்பு என்று அவர் வாதிட்டார். பழைய கட்டடங்கள் சிலவாவது தெருவில் மிஞ்சியிருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். புதுக் கட்டடத்தின் வாடகையைப் புதிதாகத் தொழில் தொடங்குபவரால் கொடுக்க முடியாது என்பது அதற்கு அவர் தந்த காரணம். அவருடைய முதல் கருத்தைப் பல நகரங்கள் எடுத்துக்கொண்டன. வாடகை பற்றிய இரண்டாவது கருத்தைப் பெரும்பாலான நகரங்கள் விட்டுவிட்டன.

கடையை வீட்டோடு சேர்த்துவிட்டாலே போதும் என்ற எண்ணத்துக்கு மறுப்பாக நிற்பது பிரான்சின் மார்செய் நகரில் 1952இல் முடிந்த ஒரு கட்டடம். லெ கொர்புசியே வடிவமைத்த அந்த அடுக்குமாடியில் 337 வீடுகள் உண்டு. கடைத்தெருவைத் தரையில் வைக்காமல் கட்டடத்தின் நடு உயரத்தில் ஓர் உள்தெருவாக அவர் அமைத்தார். முன்னூற்றுச் சில குடும்பங்களின் வாங்கும் சக்தி மட்டும் ஒரு கடைத்தெருவை நடத்தப் போதாது. வழிப்போக்கர் யாரும் அத்தனை மாடி ஏறிப் போய் ரொட்டி வாங்குவதில்லை. கடைகள் குறைந்து, பல இடங்கள் அலுவலகங்களாகின. கட்டடக் கலையில் அது பெரும் சாதனைதான். ஆனால் வீட்டுக்காரர், தெருவில் போவோர் என்ற இரு தரப்பும் வந்து சேரும் இடத்தில்தான் கடை நிற்கும் என்பதை அது தெளிவாகக் காட்டிவிட்டது.

இந்தக் கேள்வியை மிகப் பெரிய அளவில், பல பத்தாண்டுகளாகச் செயலில் சோதித்துப் பார்த்த இடம் சிங்கப்பூர். அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மக்கள் வழக்கில் வீவக, 1960 பிப்ரவரியில் தொடங்கியது. மறு ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைக் குடியிருப்பில் பற்றிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். நெருக்கடி தந்த வேகத்தில் முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1964இல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக் கடனுக்குப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. இன்று அந்நாட்டுக் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் வீட்டை 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கியவர்கள்.

இத்தனைக்கும் அடிப்படை நிலம். 1966இல் நிறைவேறிய நில எடுப்புச் சட்டம், பொதுத் தேவைக்காக எந்த நிலத்தையும் அரசு எடுக்க வழி செய்தது. இழப்பீடு சந்தை விலைக்குக் கீழேதான் இருந்தது. 1973க்குப் பிறகு நெடுங்காலம் அந்த ஆண்டின் விலையே உச்சவரம்பாக இருந்தது. முழுச் சந்தை விலை 2007இல்தான் வந்தது. மலிவான வீட்டின் செலவில் ஒரு பகுதியை, நிலத்தை இழந்தவர்கள் சுமந்தார்கள். சிங்கப்பூரின் வெற்றியைப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது. மக்களாட்சி உரிமைகள் வலுவாக உள்ள நாடுகளில் இதே வழி எளிதில் நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிலம் கைக்கு வந்தபின் நகரியங்களைப் படிநிலையாக வரைந்தார்கள். நடுவில் நகர மையம், அங்கே பேருந்து நிலையம், திரையரங்கு, பெரிய கடைகள். அதைச் சுற்றிச் சில ஆயிரம் வீடுகளுக்கு ஒன்றாக அக்கம்பக்க மையங்கள். அங்கே ஈரச்சந்தை (மீன், இறைச்சி, காய்கறிச் சந்தை), காப்பிக்கடை, மருந்தகம், மளிகை, முடிதிருத்தகம். இவை பெரும்பாலான வீடுகளிலிருந்து ஐந்து, பத்து நிமிட நடையில் இருக்கும். அதற்கும் கீழே, ஒரு சில புளோக்குகளுக்குப் பொதுவான சிறு வளாகம். வீவக முழுவதுமாகத் தானே திட்டமிட்ட முதல் நகரியமான தோ பாயோ இந்த முறையில் வளர்ந்தது. புகை கக்காத தொழிற்சாலைகளையும் வீடுகளுக்கு அருகிலேயே வைத்தார்கள். தோ பாயோவில் பிலிப்ஸ் ஆலைக்கு நடந்தே வேலைக்குப் போன பெண்கள் பலர். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், வேலைக்கும் போய்த் திரும்பும் ஒரு பெண்ணின் நாளில் பேருந்துச் செலவே இல்லாமல் செய்தது அந்த ஏற்பாடு. 1987 நவம்பரில் பெருவிரைவு ரயில் முதன்முதலில் ஓடியபோது தோ பாயோ அதன் தொடக்க நிலையங்களில் ஒன்றாக இருந்தது.

கடைகளின் வரலாற்றில் கவனிக்க வேண்டியது தெருவோர உணவு வியாபாரிகளின் இடமாற்றம். சுமார் 18,000 தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை அவர்களைப் படிப்படியாகத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். அந்த நிலையங்களில் பல வீவக பேட்டைகளுக்குள்ளேயே அமைந்தன. வாடிக்கையாளரை வியாபாரியிடமிருந்து பிரிக்காமல் இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது இந்தத் திட்டத்தின் நுட்பம். பழைய வியாபாரிகளுக்கு வாடகையில் சலுகை இருந்தது. அதனால் புளோக்கின் கீழே ஒரு வேளைச் சாப்பாடு கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. வீட்டு வாடகை குறைவு என்பதன் மறுபாதி இந்தச் சாப்பாட்டு விலை. தமிழர்கள் நன்கறிந்த தேக்காவில் 1980களின் தொடக்கத்தில் எழுந்த நிலையத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் கீழே, துணிக்கடைகளும் தையற்கடைகளும் மேலே, ஒட்டினாற்போல் வீவக அடுக்குமாடிகள். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் கடை விஷயத்தில் வீடு அளவுக்கு உறுதியாக நிற்க அரசால் முடியவில்லை. 1990களில் வீவக தன் கடைகளில் பலவற்றை வாடகைதாரர்களுக்கே விற்றது. அதன்பின் அவை சந்தையில் கைமாறத் தொடங்கின. 2022இல் தெம்பனிஸ் நகரியத்தில், பல உணவு வியாபாரிகள் வாடகைக்கு இருக்கும் ஒரு காப்பிக்கடை 4 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கும் (டாலருக்கும்) அதிகமாக விலைபோனது. அந்த விலை கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற ஒரே வழி, உள்ளே அடுப்பு வைத்திருப்பவரின் வாடகை. அந்த வாடகை தட்டில் வைக்கும் சோற்றின் விலையில் ஏறும். உணவங்காடிக் கடைகளுக்கு ஏலத்தில் குறைந்தபட்ச வாடகையை அரசு 2012இல் நீக்கியது நல்ல முடிவு. கடையை உள்வாடகைக்கு விடுவதற்குத் தடையும் விதித்தது. அப்படியும் சில இடங்களில் ஏலம் கேட்பவர்களே மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் கேட்ட நிகழ்ச்சிகள் உண்டு. 2018 முதல் வீவக புதிதாக வாடகைக்கு விடும் காப்பிக்கடைகள் குறைந்த விலைச் சாப்பாட்டு வகைகள் சிலவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று விதித்ததும் இந்த அழுத்தத்தால்தான். வீட்டின் விலையைச் சட்டத்தால் பிடித்துவைத்துக் கடையின் விலையைச் சந்தைக்கு விட்டால், மலிவான வீட்டில் குடியிருப்பவர் விலை கூடிய கடையில் வாங்க நேர்கிறது.

வீட்டு விலையும் அசையாமல் நிற்கவில்லை. மறுவிற்பனையில் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும் வீவக வீடுகள் இன்று வியப்புக்குரியவை அல்ல. நகர மையத்திலும் ரயில் நிலையங்களை ஒட்டியும் கட்டப்படும் வீடுகளுக்குக் கூடுதல் மானியம் கொடுத்து, பத்தாண்டு குடியிருந்த பிறகே விற்கலாம், விற்கும்போது மானியத்தின் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை 2021க்குப் பிறகு வந்தது. நல்ல இடத்து வீட்டை முதலில் வாங்கியவர் மட்டும் லாபம் அடைந்து, அடுத்த தலைமுறைக்கு அது எட்டாமல் போவதைத் தடுப்பது இதன் நோக்கம். இன்னொரு கேள்வி 99 ஆண்டுக் குத்தகையின் முடிவில் வீடு என்ன ஆகும் என்பது. முதல் தலைமுறை வீடுகள் பாதி வயதைத் தாண்டிவிட்டதால் அது இனி தள்ளிப்போட முடியாதது.

அண்மைக் கட்டடங்களில் கம்போங் அட்மிரல்ட்டி தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில் கீழே திறந்த சதுக்கமும் கடைகளும், அதற்கு மேல் உணவங்காடி, அதற்கு மேல் மருத்துவ நிலையம், உச்சியில் மாடித் தோட்டங்களோடு முதியோருக்கான 104 சிறு வீடுகள் என்று அடுக்கியிருக்கிறார்கள். குழந்தைகள் பராமரிப்பு நிலையமும் முதியோர் நிலையமும் அருகருகே உள்ளன. 2018இல் உலகக் கட்டடக் கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வானது. வீவக, சுகாதாரம், உணவங்காடி, நிலப் போக்குவரத்து எனத் தனித்தனிக் கணக்கில் இடம் கேட்கும் துறைகளை ஒரே மனையில் சேர்த்ததே அங்கே நடந்த கடினமான வேலை. வேறு நகரங்களில் இந்தத் துறைகள் ஒன்றையொன்று பார்ப்பதே அபூர்வம்.

வியன்னா வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த நகராட்சி, 1923இல் விதித்த வீட்டு வரியைக் கொண்டு தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியது. பெரிய வீட்டுக்குப் பெரிய வரி, சிறிய வீட்டுக்குப் பெயரளவு வரி. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான வளாகம். 1,382 வீடுகளோடு பொதுச் சலவைக்கூடங்கள், குளியலறைகள், குழந்தைப் பள்ளிகள், நூலகம், மருந்தகம், கடைகள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. இன்று நகராட்சியின் கையில் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் உள்ளன. அவற்றை விற்காமல் வைத்திருப்பது வியன்னாவின் பெரிய பலம். 2018இன் இறுதியில் எடுத்த ஒரு முடிவு இன்னும் துணிவானது. புதிதாகக் குடியிருப்பாக மாற்றப்படும் பெரிய மனைகளில் மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடுகளாக இருக்க வேண்டும், அந்தப் பங்குக்கான நிலவிலை தளப்பரப்பின் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது. இதனால் வருங்கால லாபத்தைக் கணக்கிட்டு நிலத்துக்கு விலை ஏற்றுபவரின் கை கட்டப்படுகிறது.

நகரின் கிழக்கே, பழைய விமானத் தளத்தின் 240 ஹெக்டேரில் எழும் சீஸ்டாட் ஆஸ்பெர்ன், கடை வாடகைச் சிக்கலுக்கு நேரடியாக விடை தேடியிருக்கிறது. 2013இல் சுரங்க ரயில் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு முதல் குடும்பங்கள் குடியேறின. புது வட்டாரத்தில் முதல் சில ஆண்டுகள் ஆள் குறைவாக இருக்கும். அந்தக் காலத்தில் மளிகையும் மருந்துக் கடையும் புத்தகக் கடையும் நட்டத்தில்தான் ஓடும். அவை மூடிவிட்டால் பின்னால் வருபவர் காரில் வேறிடம் போகப் பழகிவிடுவார். அதனால் முக்கியத் தெருக்களின் தரைத்தளத்தைக் கட்டுநர்களிடமிருந்து ஒரே நிறுவனம் வாடகைக்கு எடுத்து, எந்த மூலையில் எந்தக் கடை என்று முடிவு செய்து, தாங்கும் சக்திக்கேற்ப வாடகை வைத்து உள்வாடகைக்கு விடுகிறது. சாதாரணக் கட்டுநர் இதைச் செய்வதில்லை. அவருடைய கட்டடத்தின் மதிப்பை வங்கி வாடகையை வைத்தே கணக்கிடுகிறது. குறைந்த வாடகைக்கு விட்டால் மதிப்பு குறையும். ஆகவே கடையைப் பூட்டி வைத்திருப்பதே அவருக்கு லாபமாகப் படுகிறது. புதுக் குடியிருப்புகளின் தரைத்தளங்கள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடப்பதற்கு இது முக்கியமான காரணம்.

இப்படி நடந்து போகும் தூரத்தில் எல்லாம் கிடைப்பதே சூழல் கணக்கிலும் முதலிடம் பெறுகிறது. கூரையில் சூரியத் தகடு, மழைநீர்ச் சேகரிப்பு, மையக் குளிரூட்டல் ஆகியவை வேண்டியவைதான். சிங்கப்பூரின் தெங்கா போன்ற புதிய நகரியங்களில் இவை பெரிய அளவில் வந்திருக்கின்றன. ஆனால் வேலைக்கு நாள்தோறும் 20 கிலோமீட்டர் போய்வரும் குடும்பத்தின் எரிபொருளைக் கூரைத் தகடு எளிதில் ஈடு செய்துவிடாது. பகலில் கடையும் அலுவலகமும், இரவில் வீடும் மின்சாரம் கேட்பதால் தேவை ஒரே நேரத்தில் குவியாமல் பரவுகிறது என்ற கூடுதல் நன்மையும் கலப்பில் உண்டு.

அரசு நிலம் இல்லாத இடங்களில் தனியார் கட்டுநரிடம் ஒரு பங்கு கேட்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி மாவட்டம் 1970களின் நடுவிலிருந்தே பெரிய குடியிருப்புகளில் ஒரு பகுதியைக் குறைந்த விலையில் தரக் கட்டாயப்படுத்தி, ஈடாகக் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதிக்கிறது. மும்பையில் 1995 முதல் நடக்கும் குடிசை மறுவாழ்வுத் திட்டம் இந்தக் கொள்கையை எல்லைவரை கொண்டுபோனது. குடிசைவாசிக்கு அதே இடத்தில் இலவச வீடு, கடை வைத்திருந்தவருக்குக் கடை, கட்டுநருக்கு மீதி நிலத்தில் விற்பனைக் கட்டடம். இடம்பெயராமல் பிழைப்பைத் தொடர முடிவது இதன் பெரிய நன்மை. ஆனால் விற்பனைப் பகுதிக்கு நிலத்தை மிச்சப்படுத்த மறுவாழ்வுக் கோபுரங்களை நெருக்கி அடுக்குவதால் பல வீடுகளில் வெளிச்சமும் காற்றும் போதவில்லை.

இந்தூரில் பி.வி. தோஷி வடிவமைத்து 1995இல் ஆகா கான் விருது பெற்ற அரண்யா வேறு பாதை. சுமார் 6,500 மனைகள் கொண்ட அந்த நகரியத்தில் ஏழைக் குடும்பத்துக்கு முழு வீடு தரவில்லை. மனை, அடித்தளம், கழிவறை, தண்ணீர், ஓர் அறை வரை கொடுத்து மீதியைக் குடும்பம் வசதிப்படிக் கட்டிக்கொள்ள விட்டார்கள். தெருவைப் பார்த்த முன்னறை நாளடைவில் கடையாகவோ தையல் அறையாகவோ ஆக முடிந்தது. நடுத்தர, உயர் வருமான மனைகளை விற்ற பணம் ஏழைகளின் மனைக்கு உதவியது. இந்தியக் குடும்பத்தின் வீடே பாதிப் பட்டறை என்பதை இந்த அளவுக்குப் புரிந்துகொண்ட அரசுத் திட்டம் நாட்டில் குறைவு.

சென்னையின் அனுபவம் இதற்கு நேர்மாறாகப் போனது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டியது. நகரத்தின் நடுவிலும் கடற்கரையோரத்திலும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அந்தக் காலத்தவை. 2000க்குப் பிறகு நிலவிலையைக் காரணம் காட்டி, கூவம், அடையாற்றுக் கரைக் குடும்பங்களைத் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என்று கொண்டுபோனார்கள். கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி வரை எழுந்த புளோக்குகளில் ஏறத்தாழ 20,000 வீடுகள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி என்பதால் பெருமழைக் காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நிற்கும்.

இந்த இடங்களில் வீடு இருந்தது, வேலை இல்லை. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் பூக் கட்டவும் நடந்து போய்வந்த பெண்களுக்கு நகரம் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தால் கூலியில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்தது. பலர் வேலையை விட்டார்கள், சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். ஒதுக்கீடு குடியிருப்புக்கு மட்டும் என்பதால் கடைக்கென முறையான இடம் மிகக் குறைவு. ஆனாலும் தரைத்தள வீட்டின் ஜன்னல் பெட்டிக்கடையானது, படிக்கட்டடி இட்லிக் கடையானது. விதிமீறலாகப் பார்க்கப்பட்ட அந்த ஜன்னல்கள், திட்டத்தில் விடுபட்ட கடைத்தெருவை மக்கள் தாங்களே வரைந்த வரைபடம். அதை அதிகாரிகள் முன்பே படித்திருந்தால் அடுத்து வந்த குடியிருப்புகள் வேறுவிதமாக அமைந்திருக்கும்.

2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அதே அமைப்பு, சிதிலமடைந்த பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயர்த்திக் கட்டி வருகிறது. சென்னை இழந்த வாய்ப்பைத் திரும்பப் பெறுவது இந்தப் பணியில்தான் முடியும். அந்த மனைகள் பேருந்துத் தடத்திலும் சந்தைக்கு அருகிலும் இருக்கின்றன, நிலம் அரசுடையது. நொச்சிக்குப்பம் பகுதி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே குடியிருப்புகளுக்கு முன்னால் சாலையோரம் மீன் விற்ற பெண்களால் போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்கு எழுந்தது. 2024 ஆகஸ்டில் அருகிலேயே 360க்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது. வீட்டுக்கும் கடைக்கும் இடையே நடைதூரம் மிஞ்சியதால் அந்தப் பெண்களின் தொழில் மிஞ்சியது.

இப்படி மீண்டும் கட்டப்படும் குடியிருப்புகளின் தரைத்தளத்தைக் கடைகளாகத் திட்டமிட்டால் வரும் வேலைகள் பல. கூரை உயரம் வீட்டைவிடக் கூடுதலாக வேண்டும். அடுக்களைப் புகைக்குத் தனிக் குழாய், சரக்கு இறக்க இடம், குப்பைக்குத் தனி வழி, வீடுகளின் மாடிப்படியோடு கலக்காத நுழைவாயில் எல்லாம் வரைபடத்திலேயே வர வேண்டும். பத்துச் சதுர மீட்டர் அளவுள்ள மிகச் சிறிய கடைகளும் சில இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலிக் கடைகள் மட்டுமே வரும். ஒதுக்கீட்டில் அங்கே வாழும் குடும்பங்களுக்கு முன்னுரிமை, உள்வாடகைக்குத் தடை, வாடகைக்கு வரம்பு ஆகியவை தேவை. கடைகளை விற்கவே கூடாது என்பதற்குச் சிங்கப்பூரின் காப்பிக்கடையே சான்று.

அந்த வாடகைப் பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். வாரியக் குடியிருப்புகளில் குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை வசூலித்தால் அரசும் பங்களிக்கும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டம் உள்ளது. நாள்கூலிக் குடும்பங்களிடம் மாதாமாதம் தொகை வசூலிப்பது கடினம். தரைத்தளக் கடைகளின் வாடகை அந்தச் சங்கத்தின் கணக்கில் சேர்ந்தால், எட்டாவது மாடிக்கு மின்தூக்கி ஓடவும் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கவும் கழிவுநீர்க் குழாய் அடைப்பெடுக்கவும் நிலையான வருமானம் கிடைக்கும்.